ரிவர்ஸ்டன் ஜானியின் சொந்தப் பெயர்

சிவலிங்கம் அண்ணன் போய்விட்டார்... இன்று காலை, மாத்தளையில் மகள் வீட்டில், தூக்கத்திலேயே.

"ஞாயித்துக்கெழமையா பாத்துப் போயிருக்காருங்க ஆன்டி" என்று போனில் அழுதது அவர் மகள். ஆமாம், ஞாயிறு. அவருடைய நாள்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. பலாபத்வலப் பக்கம் ஒரு மிளகு, கொக்கோத் தோட்டத்து ஆபீஸில் அவர் கிளார்க், நான் டைப்பிஸ்ட். எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஞாயிறு மத்தியானம் ரேடியோவில் பழைய இங்கிலீஷ் பாட்டு ப்ரோகிராம் ஒன்று வரும். அண்ணன் தன் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் டிரான்சிஸ்டரை வைத்து, ஏரியல் கம்பியைக் கராம்பு மரத்தில் கட்டிவிடுவார். அடுத்த குவார்ட்டர்ஸ் எங்களுடையது.

சாக்கில் மிளகு காயும்... மலையிலிருந்து பனி மெல்ல இறங்கும்... எங்கோ ஒரு கிட்டார். ஒரு வார்த்தையும் புரியாமல் நானும் அம்மாவும் வாசல்படியில் உட்கார்ந்திருப்போம். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற மாதிரி இருக்கும்.

பாட்டு வரிகளை, ஆள் கணக்குப் போடும் பழைய செக்ரோல் புத்தகத்தின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வைப்பார். பிடிபடாத இடத்தில் ஒரு கோடு. "அந்தக் கோட்டுக்கு விசில் அடிச்சுக்கலாம்மா" என்பார். ஆபீஸிலும் அப்படியே பாடுவார், பாதி பாட்டு, பாதி விசில்.

பாட்டுக் கேட்டு ப்ரோகிராமுக்கு வாராவாரம் ஒரு போஸ்ட்கார்டு அனுப்புவார். யாருக்காக என்ற இடத்தில் "என் அக்காவுக்கு". கேட்பவர், "ரிவர்ஸ்டன் ஜானி". ரிவர்ஸ்டன், ரத்தோட்டைப் பக்கத்து மலை.

அறிவிப்பாளருக்கே பழகிவிட்டது. நம்ம ஜானி மறுபடியும் எழுதியிருக்கிறார் என்று இங்கிலீஷில் சிரித்துக்கொண்டே பாட்டைப் போடுவார்.

"என்னாண்ணே, தொரை வீட்டுப் பையன் மாதிரி ஒரு பேரு!" என்று ஒருநாள் கேலி செய்தேன். அன்றைக்குத்தான் சொன்னார்.

அந்த ரேடியோ அவர் அக்கா பாக்கியம் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. தோட்டத்து ஆட்களை இரண்டு நாடும் பங்கு போட்டபோது மச்சானுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, அக்காவும் கூடவே கப்பலேற வேண்டியதாயிற்று. தம்பிக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை. ஒரே வீட்டுப் பிள்ளைகள், இரண்டு நாடு.

கண்டி ஸ்டேஷனில் கோச்சி நகரும்போது அக்கா சொன்னாராம், "ரேடியோவ நீயே வச்சுக்கடா. அங்கயும் இந்தப் பாட்டெல்லாம் கேக்குமாம். ஞாயித்துக்கெழம நானும் கேப்பேன்."

அதன் பிறகு, கப்பலில் போனவர்களை இந்தியாவில் இறக்கி வைத்த மண்டபம் முகாமுக்கு இவர் எழுதிய கடிதங்கள் எல்லாம் திரும்பி வந்தன. இவரும் ரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து மாற்றலாகி வந்துவிட்டார். அக்கா எங்கே என்று இவருக்குத் தெரியாது, இவர் எங்கே என்று அக்காவுக்கும் தெரியாது.

"அப்ப உங்க பேரையே போடலாமேண்ணே? ஜானின்னா அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

"எண்பத்து மூணுல அலுவிகாரையில நான் இருந்த ரூம, பேரக் கேட்டுத்தாம்மா கொளுத்துனானுங்க. இந்த ரேடியோவ தூக்கிக்கிட்டு ரெண்டு நாளு காட்டுக்குள்ள கெடந்தேன். அந்தப் பேர நாடு பூரா கேக்குற மாதிரி எப்படிம்மா சொல்றது?"

அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் மனசும் ஆறவில்லை...

ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் டைப்ரைட்டரில் நானே ஒரு கார்டு அடித்தேன். பெரியசாமி சிவலிங்கம், தோட்டத்தின் பெயர், பலாபத்வல, மாத்தளை. அக்கா பாக்கியத்துக்காக. அவரிடம் கேட்காமலே தபால் பையில் போட்டுவிட்டேன்.

இரண்டு ஞாயிறு கழித்து ரேடியோ அந்தப் பெயரையும் அட்ரஸையும் முழுசாக வாசித்தது. பாட்டு முடிவதற்குள் அண்ணன் எங்கள் வாசலில் நின்றார்.

"என்னாம்மா இப்படிப் பண்ணிட்ட? நாளைக்கி எவனாச்சும் தேடிக்கிட்டு வந்தா?"

"தேடி வரணும்னுதாண்ணே போட்டேன்."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வாய் ஜாஸ்தி.

ஒரு மாதத்துக்கு மேல் அவர் என்னோடு பேசவில்லை. ஜன்னலில் ரேடியோவும் இல்லை. ஆபீஸ் வாசலில் தெரியாத ஜீப் ஒன்று நின்றாலே அவர் மேசையைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பேன். அவருக்கு ஏதாவது ஆனால் நான்தானே காரணம்... ஏன் அடித்தோம் அந்தக் கார்டை என்று அழுதிருக்கிறேன்.

அப்புறம் ஒரு காலை, தபால் பையில் இந்திய ஸ்டாம்ப் ஒட்டிய கடிதம். கோத்தகிரியிலிருந்து. கார்டில் நான் அடித்த அதே அட்ரஸ்.

நின்றபடியே படித்தார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"அக்கா வாராவாரம் ஜானி பாட்டக் கேட்டிருக்கும்மா... பாவம், யாரோ நம்ம ஊர்ப் பக்கத்துத் தொரை வீட்டுப் பையன், அக்காவப் பிரிஞ்சு கெடக்கான்னு அவனுக்காக அழுதிருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். நானும்தான்.

அடுத்த ஞாயிறு ரேடியோ ஜன்னலுக்குத் திரும்பியது. ஜானி அதற்குப் பிறகு எழுதவே இல்லை. ஜானியைக் காணோமே என்று அறிவிப்பாளர் கொஞ்ச காலம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

பாக்கியம் அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்று கோத்தகிரிக்கு நான்தான் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"தம்பி பேரச் சொல்லி ஒரு பாட்டு போடச் சொல்லும்மா" என்றார்.

அந்த ப்ரோகிராம் நின்று எத்தனையோ வருஷம். எங்கே கேட்பது... அதனால் இங்கேயே.

கேட்பவர்: அக்கா பாக்கியம், கோத்தகிரி.
யாருக்காக: தம்பி பெரியசாமி சிவலிங்கம், பலாபத்வல, மாத்தளை.

பேர முழுசாத்தான் போட்டிருக்கேன்... கோவிச்சுக்காதீங்கண்ணே.