நம்பரைச் சொல்லாதீங்க சார்

மத்திகிரியிலிருந்து ஓசூர் வரும் டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். நீலச் சீருடை, படிய வாரிய தலை. இரண்டு விரலால் தன் நாடியைப் பார்த்துக்கொண்டே வந்தார். லாரிகளுக்கு நடுவே பஸ் நின்றதும் அவருக்கு வேர்த்தது, மூச்சு வாங்கியது.

எதையும் எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். அவர் கையைப் பிடித்து, கடிகாரம் பார்த்து, "நூத்தி இருபத்தாறு" என்றேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"நம்பரைச் சொல்லாதீங்க சார்! கேட்டா இன்னும் ஏறும். நெஞ்சுல ஒண்ணுமில்ல, வெறும் பயம்தான்னு டாக்டரே சொல்லிட்டாரு. கம்பெனியில எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. நாளெல்லாம் மெஷின் பாகத்துல குறை தேடுறேன். வெளிய வந்தா நெஞ்சுல தேடுறேன். தேடுனா கெடைக்காமப் போகுமா?"

"எறங்கிக் கொஞ்சம் காத்து வாங்குங்க தம்பி."

"இந்த மாசம் ரெண்டு வாட்டி பாதியில எறங்கிட்டேன். இன்னைக்கும் ஷிப்டுக்குப் போகலன்னா வேலை போயிரும்."

நாடியை விட்டுவிட்டுக் கம்பியை இறுகப் பிடித்தபடி, கவனத்தைத் திருப்ப எதிர் லாரியில் இருந்த கன்னட எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். தப்பும் தவறுமாகத்தான் படித்தார். பஸ் நகர்ந்தது. கம்பெனி நிறுத்தம் வந்த பிறகுதான் இறங்கினார்.

அவர் போன பிறகு பார்க்கிறேன், என் விரல்கள் என் மணிக்கட்டில் இருந்தன. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.