டெம்பரவரியாவே இருக்கட்டும்

"பைலட் வேலை லாங் ரன்ல சரிப்பட்டு வருமா மேடம்?" என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது பதில் இல்லை, கோபம். புனே பக்கம் நிக்டியில் நாங்கள் இருக்கும் அபார்ட்மென்ட் சொசைட்டியில் லிஃப்டுக்குள் நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள். கல்யாணப் பந்தியில் ரசத்துக்குக் காத்திருக்கும்போது கேட்கிறார்கள். தங்கள் மகளைப் பைலட்டாக்கலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம் என்று நினைப்பு. பேங்கில் இருப்பவரிடம் யாராவது இப்படிக் கேட்கிறார்களா? கேட்க மாட்டார்கள். அவர் பெர்மனென்ட்.

அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. நான் பிறந்து வளர்ந்தது தேஹு ரோட்டில், ராணுவ டெப்போ குவார்ட்டர்ஸில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து டெப்போவில் சிவிலியன் ஸ்டோர்கீப்பராக இருந்தார். எங்கள் வரிசையில் எல்லா மொழிக்காரர்களும் உண்டு. ஆனால் எல்லா மொழியிலும் இருந்த ஒரே சொல் அது. மாப்பிள்ளை பார்க்கும்போது பக்கத்து வீட்டு மராத்தி வைனி, அதாவது அண்ணி, "பர்மனன்ட் ஆஹே கா?" என்பாள். எதிர்வீட்டு பிகார்க்காரர் "பர்மனென்ட் ஹை நா?" என்பார். அம்மா "பெர்மனென்ட்தான?" என்பாள். ஜாதகமெல்லாம் அதற்கு அப்புறம். ஆகுர்டி ஸ்கூட்டர் ஃபேக்டரியில் பெர்மனென்ட் ஆன கையோடு ஒருவருக்கு என் அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தால் மின்விசிறி அவர் பக்கம் திரும்பும்.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவரும் கேஷுவல் கூலியாக இருந்து வந்தவர்தான். அந்தக் காலத்தில் கேஷுவல் ஆட்களைக் கொஞ்ச நாள் வேலைக்கு வைத்து, நடுவில் 'பிரேக்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுபடியும் புதுசாகச் சேர்ப்பார்களாம். தொடர்ச்சியாக வேலை பார்த்தான் என்று ஆகிவிடக் கூடாது, அதற்கு அந்த ஏற்பாடு. ஒவ்வொரு பிரேக்கிலும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து, திரும்பக் கூப்பிடுவானா மாட்டானா என்று பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். பெர்மனென்ட் ஆன பிறகுதான் அம்மாவைக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்கு அது சொல் இல்லை, சோறு.

அப்படிப்பட்டவரிடம் தொண்ணூறுகளின் நடுவில், பி.எஸ்ஸி. முடித்த கையோடு போய், "அப்பா, நான் பிளேன் ஓட்டப் போறேன்" என்றேன்.

அப்பா செய்தித்தாளை இறக்கினார். "ஓட்டிட்டு?"

"ஓட்டிட்டுன்னா? ஓட்டுறதுதாம்ப்பா வேலை."

"அது சரிட்டி. அப்புறம்?"

அந்த 'அப்புறம்' இன்று வரைக்கும் என்னைத் துரத்துகிறது. லிஃப்டில் கேட்பவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், இங்கிலீஷில் கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எப்படிப் படித்தேன், எங்கெங்கே கடன் கேட்டோம் என்பதெல்லாம் வேண்டாம். ஒரு வழியாக லைசென்ஸ் வாங்கி, ஒரு தனியார் விமான கம்பெனியில் சேர்ந்து, வலது பக்கத்து சீட்டில் கோ-பைலட்டாக உட்கார்ந்துவிட்டேன். புரொபேஷன் முடிந்து 'கன்ஃபர்ம்' செய்தார்கள். அந்தச் செய்தியைச் சொன்னதுதான் தாமதம், அப்பா கடைக்கு ஓடிப்போய் பேடா வாங்கி வந்து வரிசை முழுக்கக் கொடுத்தார். "மவ பெர்மனென்ட் ஆயிட்டா." நானும் வாயைத் திறக்கவில்லை. பேடா கொடுக்கிறவரிடம் போய் விளக்கம் சொல்ல முடியுமா?

அடுத்த ஆறாவது மாதம் குட்டு உடைந்தது. சிமுலேட்டர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அது முடிந்தால் மெடிக்கல்.

"பெர்மனென்ட் ஆனவள எதுக்குட்டி திரும்ப டெஸ்ட் பண்ணுதான்?"

"எல்லாருக்கும் உண்டுப்பா. ரிட்டயர் ஆகுற வரைக்கும்."

"ஃபெயிலானா?"

"வீட்டுக்குப் போகணும்."

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: "கேட்டியா? சாவுத வரைக்கும் கேஷுவல்."

ஆனாலும் அவருக்கு உள்ளூரப் பெருமை இருந்தது, எனக்குத் தெரியும். லோஹ்கான் ஏர்போர்ட்டிலிருந்து கிளம்பி மேலே ஏறும்போது ஒருநாள் டெப்போ பக்கம் கண்ணில் பட்டது. குடும்பத்தார் யாரையும் உள்ளே விடாத இடம். அப்பா வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த இடத்தை வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. வந்து சொன்னேன். "என்ன தெரிஞ்சுது?" என்று பதறினார். "ஒண்ணும் தெரியலப்பா, மரம்தான்." "ம்ம். அதான் சரி" என்று திருப்தியாகக் காப்பியைக் குடித்தார்.

கல்யாணம் ஆனது. என் கணவருக்குப் பம்பாயில் வேலை. நல்ல மனுஷன், என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசியதில்லை. அவரை இந்தக் கதையில் இதற்கு மேல் இழுக்கவில்லை. பிள்ளை உண்டானேன். பைலட் கர்ப்பமானால் அன்றோடு தரைக்கு வந்துவிட வேண்டும். மெடிக்கலில் அதற்குப் பெயர் 'டெம்பரவரி அன்ஃபிட்'. பிரசவம் முடிந்து மறுபடி சோதித்துப் பார்த்து, சரியென்றால் அனுப்புவார்கள்.

பிரசவம் சுகமாக முடிந்தது. மகள். ஆனால் எனக்கு பிரஷர் ஏறி, இறங்க மாட்டேன் என்றது. முதல் சோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னும் கொஞ்ச காலம் டெம்பரவரி அன்ஃபிட், பிறகு திரும்ப வா. அப்போது அப்பா ரிட்டயராகி, அவரும் அம்மாவும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நிக்டியில் இந்த ஃபிளாட்டுக்கு வந்திருந்தார்கள். நான் போனில் சொன்னதை அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பாவின் காதில் முதல் சொல் மட்டும்தான் ஏறியது. டெம்பரவரி.

நான் பிள்ளையோடு வந்து இறங்கினால் வீடு எழவு வீடு மாதிரி இருக்கிறது. அத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

"கவலப்படாதம்மா" என்றார் அத்தான். "எங்க ஃபேக்டரிலயும் பெர்மனென்ட்லேருந்து டெம்பரவரிக்குத் தள்ளப் பாத்தாங்க. யூனியன் விடல. உங்களுக்கு யூனியன் உண்டுமா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விளக்கிச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. மறுநாள் காலையில் அப்பா குளித்து, வேட்டி கட்டி, "பிள்ளையத் தூக்கு, கோயிலுக்குப் போவோம்" என்றார். நம்ம ஆட்கள் கட்டிய முருகன் கோயில். தேங்காய், பழம், தட்டு எல்லாம் முறையாக வாங்கினார். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டுவிட்டு, "என்ன வேண்டுதல்?" என்றார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாக, "எம் மவ பெர்மனென்ட் ஆவணும் சாமி" என்றார்.

"ஐயோ சாமி, நிறுத்துங்க!" என்று நான் கத்தியதில் பிள்ளை வீறிட்டது. குருக்கள் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அப்பா, எங்க வேலைல இப்ப நான் டெம்பரவரி அன்ஃபிட். பெர்மனென்ட் ஆனா என்ன ஆவேன்? பெர்மனென்ட் அன்ஃபிட்! அத்தோட முடிஞ்சுது. ஒரேயடியா முடிஞ்சுது. ஜென்மத்துக்கும் பிளேன் பக்கம் போக முடியாது. அதையா வேண்டுதீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார், குருக்களைப் பார்த்தார். குருக்கள் பாவம், "அப்ப நான் என்னன்னும்மா சொல்லட்டும்?" என்றார்.

"டெம்பரவரியாவே இருக்கட்டும்னு சொல்லுங்க சாமி."

பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சொல் அவரைக் கைவிட்டிருந்தது. எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. அந்த இரக்கம் அன்று சாயங்காலம் வரைக்கும்தான் நின்றது. ஏனென்றால் சாயங்காலம் அவரும் அத்தானும் சேர்ந்து ஒரு காரியம் செய்து வைத்திருப்பது தெரிந்தது.

ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர் வேலை. பெர்மனென்ட். யார் யாரையோ பிடித்து இன்டர்வியூ வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். இன்டர்வியூ எந்த நாள் என்று பார்த்தால், எனக்கு மெடிக்கல் வைத்திருக்கும் அதே நாள். அந்த நாளை விட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்குமோ தெரியாது. பறக்காமல் இருக்கும் ஒவ்வொரு மாதமும் பழக்கம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கம்பெனியும் எத்தனை நாள் எனக்காக இடத்தைக் காலியாக வைத்திருக்கும்?

"மெடிக்கல்ல அவன் திரும்ப அன்ஃபிட்டுன்னு சொன்னா என்ன செய்வ?" என்றார் அப்பா. "கையில பிள்ள இருக்கு. இது வலிய வந்த வேலட்டி. வேண்டாம்னு சொல்லாத."

"சொல்லுவேன்."

"பிடிவாதம்."

"ஆமா, பிடிவாதம்தான். அது இல்லாம எவளும் அந்த சீட்ல உக்கார முடியாதுப்பா."

"பெத்தவன் பேச்சுக்கு மதிப்பு அவ்வளவுதான்" என்று சொல்லி அப்பா பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் பதிலுக்கு வாயைத் திறக்கப் போனேன். அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து என் வாயைப் பொத்தாத குறையாக, "சண்ட போடாதட்டி, பிரஷர் ஏறிரும்!" என்றாள்.

நியாயம்தான். உப்பைக் குறைத்து, காலையில் நடந்து, மூச்சுப் பயிற்சி செய்து பிரஷரைப் படியவைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவோடு ஒரு சண்டை போட்டால் அத்தனையும் போயிற்று. ஆக, வேலைக்காகச் சண்டை போட வேண்டிய நேரத்தில், வேலைக்காகவே சண்டை போடாமல் இருக்க வேண்டியதாயிற்று. என் வாழ்க்கையிலேயே நான் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் அது ஒன்றுதான். அத்தான் தினமும் வந்து "யோசிச்சியாம்மா?" என்பார். நான் புன்னகைப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அக்காவுக்கு என் முகத்தைப் பார்த்தே பயம் வந்துவிட்டது.

அந்த நாள் வந்தது. அப்பா விடியும் முன்பே எழுந்து, இன்டர்வியூவுக்கு என்று என் சர்டிஃபிகேட்டுகளை எடுத்து மேஜையில் வைத்திருந்தார். நான் அதைத் தொடவில்லை. பிள்ளையை அம்மா கையில் கொடுத்துவிட்டு, மெடிக்கலுக்குப் போக ஆட்டோவில் ஏறினேன். அப்பா பால்கனியில்கூட வந்து நிற்கவில்லை.

டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இறக்கி, மறுபடியும் அடித்தார். "டென்ஷனா இருக்கீங்களா?" என்றார். "இல்ல சார்" என்றேன், பச்சைப் பொய். கண்ணை மூடிக்கொண்டு ரன்வேயை நினைத்தேன். இறங்கும்போது நேராக வந்து நிற்குமே, அந்தக் கோடு. அது ஒன்றுதான் என்னை எப்போதும் சாந்தப்படுத்தியிருக்கிறது. வேறு எந்த வேலை எனக்கு இதைக் கொடுத்திருக்கும், சொல்லுங்கள்.

ஃபிட் என்றார்கள்.

வீட்டுக்கு போன் போட்டேன். அப்பாதான் எடுத்தார். "ஃபிட்டுப்பா" என்றேன். "எது வரைக்கும்?" என்றார். "அடுத்த மெடிக்கல் வரைக்கும்" என்றேன். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அதற்குக் கொஞ்ச காலம் கழித்து ஆகுர்டி ஃபேக்டரியில் ஸ்கூட்டர் வேலை குறைந்து வி.ஆர்.எஸ். என்று விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. அத்தான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வயசு, நல்ல உடம்பு. "நான் பெர்மனென்டும்மா" என்று என்னிடம், ஏதோ நான்தான் அனுப்பிவிட்ட மாதிரி, சொன்னார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் ஒரு பதில் வந்தது. சொல்லவில்லை. எழுந்து போய் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டேன்.

பிறகு நான் இடது பக்கத்து சீட்டுக்கு மாறினேன், கேப்டனாக. எத்தனையோ தீபாவளிக்கு வீட்டில் இல்லை. மகளின் முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு நான் இல்லை. தூக்கம் கண்டபடி கெட்டது. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. லிஃப்டில் கேட்பவர்களுக்கு இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் நாளைக்கே எவனாவது பெர்மனென்ட் அன்ஃபிட் என்று முத்திரை குத்தினாலும், பறந்தது பறந்ததுதான். அதை யாரும் பிரேக் போட்டுத் திரும்பப் பிடுங்க முடியாது.

போன நவம்பரில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனேன். பென்ஷன்காரர்கள் வருஷம் ஒருமுறை நேரில் போய், உயிரோடு இருக்கிறோம் என்று காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். நீளமான வரிசை. எல்லாரும் ஒரு காலத்தில் பெர்மனென்ட். அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக நகர்ந்தார். கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, தாளைப் பார்த்து, "ஹா, டீக் ஹை காக்கா" என்றாள்; எல்லாம் சரி பெரியவரே என்று அர்த்தம். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வருசம் வரைக்கும் ஃபிட்டாம்ட்டி" என்றார்.

வெளியே வந்ததும் தெருமுனைக் கடையில் நின்று பேடா வாங்கச் சொன்னார்.