சுங்கை பட்டாணிக்கு வைத்த பொட்டு

எங்கள் கெடா மாநில வரைபடத்தை அட்டையில் வரைந்து, எந்த ஊரில் என்ன விளைகிறதோ, என்ன செய்கிறார்களோ, அதை அந்தந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் வாத்தியார். அலோர் ஸ்டாருக்கு நெல். சிடாம் கிரிப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு ஒரு துண்டு ரப்பர். சுங்கை பட்டாணிக்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. அங்கே புதிதாய் வந்த எலெக்ட்ரானிக் கம்பெனியில்தான் அக்கா வேலை செய்தாள். ஆனால் உள்ளேயிருந்து ஒரு துரும்பைக்கூட வெளியே கொண்டுவர விடமாட்டார்களாம்.

வெளியே இருக்கிற துரும்பும் உள்ளே போகக்கூடாது. அதனால்தான் முதல் வாரமே வீட்டில் ரகளை.

"பவுடர், பொட்டு ஒன்னும் கூடாதும்மா. தூசு விழுந்தா சாமான் கெட்டுப்போயிருமாம் லா."

"கல்யாணம் ஆகாத பொண்ணு வெறும் நெத்தியோட வாசப்படி தாண்டறதா? அப்படிப்பட்ட வேலையே நமக்கு வேணாம். நாளைக்கு என்கூட ரப்பர் பால் வெட்ட வா."

அக்கா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. கொசுக்கடியில் மறுபடியும் பால் வாளி தூக்க அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை. மறுநாளே, பொட்டுக்கு சூப்பர்வைசர் ஒத்துக்கொண்டார் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் விடியற்காலையில் தன் கையாலேயே குங்குமத்தை வட்டமாக வைத்து அனுப்பினாள்.

டார்ச் லைட்டோடு சாலைவரை துணைக்குப் போவது என் வேலை. வளைவில் கம்பெனி பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்ததும் அக்கா கைக்குட்டையால் நெற்றியை அழுத்தித் துடைப்பாள். சாயங்காலம் இறங்கியதும் புதுப்பொட்டு.

"அம்மாகிட்ட மூச்சு விட்டே, தொலைஞ்சே!"

அந்த ரகசியம் என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. அம்மா "ஏய்" என்று கூப்பிட்டாலே கொல்லைப்பக்கம் ஓடிவிடுவேன். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

அட்டையைக் கொடுக்கவேண்டிய நாளும் வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல், குங்குமத்தைப் பசையில் குழைத்து சுங்கை பட்டாணிமேல் செக்கச்செவேலென்று ஒரு பொட்டு வைத்தேன். வைத்த பிறகுதான், அம்மா பார்த்தால் அக்காவின் பொட்டைப் பற்றிக் கேட்பாளே என்று தோன்றியது. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"அது எந்த ஊருடி?"

"அக்கா வேலை செய்யற ஊரு."



"ஊருக்காச்சும் பொட்டு இருக்கட்டும்," என்றாள் அம்மா. கையிலிருந்த அக்காவின் கைக்குட்டைக்கு இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கசக்கினாள். சிவப்புத் தண்ணீர் கால்வாயில் ஓடியது. மறுநாள் காலை அக்காவுக்குப் பொட்டு வைத்துவிட்டு, அதே கைக்குட்டையை மடித்து அவள் பைக்குள் அம்மாவே வைத்தாள்.

நல்லவேளை, அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்று, அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.