ஓவியத்துக்காகத் தேய்த்த நடைபாதை

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துப் புகைக்கரியோடு கெசையா ஓல்ட்ராய்டுக்கு இருபத்திரண்டு வருஷப் பகை. ஆலைகள் கக்குவதை அவள் தினமும் மண்டியிட்டுத் தேய்த்தாள். கணவன் ஆமோஸ் தொப்பி தைத்தான், அவள் விற்றாள். ஆனால் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வாசற்படிதான். கழுவிய படியின் விளிம்பில் வெள்ளைக்கல்லால் கோடு இழுக்காதவளை அவள் மனுஷியாகவே சேர்த்ததில்லை. எதிர்வாடையில் மாட்டுக்குடல் விற்ற டைனா சக்டென் அப்படிச் சேராதவள்.

அந்த நவம்பரில் ஓவியர் லூமிஸ் வந்து, வெள்ளிக்கிழமை அந்தியில் இந்தத் தெருவை வரையப்போவதாகச் சொன்னார். அந்தித் தெருக்களை வரைந்தே வீடு கட்டியவர். ஆலை முதலாளிகள் தங்கள் புகையையே காசு கொடுத்து வாங்கிக் கூடத்தில் மாட்டி, என்ன அழகான மூட்டம் என்று உருகுவார்கள். அந்த மூட்டத்தில் இருமுகிறவர்கள் படத்தில் வருவதில்லை.

கெசையா மனக்கணக்குப் போட்டாள். கண்காட்சிப் படத்தில் கடை வந்துவிட்டால் முதலாளிமார் மனைவிகள் தொப்பிக்கு இங்கே வருவார்கள். வராவிட்டால், முக்கில் புதிதாகத் திறந்த பெரிய தொப்பிக்கடை தங்களை விழுங்கிவிடும்.

வெள்ளி மத்தியானம் மழை பெய்து விட்டது. அவள் படியோடு நிற்காமல் நடைபாதையையும் தேய்த்து, துணியால் ஒற்றி, மரத்தூள் பரப்பினாள்.

"ஏம்மா கெசி, தெருவுக்கெல்லாமா தலை துவட்டி விடுவாங்க?" என்றான் ஆமோஸ்.

"பேசாம வாளியைத் தூக்கு."

எதிரிலிருந்து டைனா கூவினாள்: "என்னடி, ராணியம்மா உன் நடைபாதையில உக்காந்து சாப்பிடப் போறாங்களா?"

"உன் வாசல்ல பன்னிகூடச் சாப்பிடாது, போடி."

தெருவிளக்குகள் ஏற்றப்பட்டன. வரைய வந்த லூமிஸ் கெசையாவின் வாசலைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, முக்காலியை டைனாவின் பக்கம் திருப்பினார்.

"ஐயா, எங்க கடை இந்தப் பக்கம்."

"தெரியுதும்மா. விளக்கு விழுந்தா மின்ன ஈரம் வேணுமே. உங்க மரத்தூள் வெளிச்சத்தையெல்லாம் குடிச்சிடுச்சு. அந்தம்மா வாசலைப் பாருங்க, எவ்வளவு அருமையான சேறு."

கெசையா ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரை வீசினாள். மரத்தூள் கஞ்சியானது. அவர் திரும்பவில்லை.

வசந்தத்தில் கண்காட்சி. கெசையாவும் போனாள். படத்தில் டைனாவின் சேறு உருக்கிய பொன்னாகக் கிடந்தது. தொங்கிய குடல் பட்டுத்திரை போலப் பளபளத்தது. இடது ஓரத்தில் மொட்டைக் கறுப்பு.

"அது என்னங்க?" என்றாள் கெசையா.

"உங்க கடைதாம்மா. இந்தப் பக்கம் இருட்டினாத்தான் அந்தப் பக்கம் ஜொலிக்கும்" என்றார் லூமிஸ்.

தொப்பி கேட்டு எந்த முதலாளி மனைவியும் வரவில்லை. பெரிய கடை இரண்டே வருஷத்தில் ஆமோஸைத் தன் தையல்காரனாக்கியது. படத்தில் கண்ட தெருவைத் தேடி அவ்வப்போது ஆட்கள் வந்தார்கள். மூடிய கடை வாசலில் நின்று கெசையா அவர்களை மறித்தாள்.

"இடது ஓரத்துல நாலு அங்குலம் கறுப்பு பாத்தீங்களா? அது நாங்கதான். நாங்க இல்லேன்னா அவ எங்க மின்னியிருக்கப் போறா?"

வந்தவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பிறகு எதிர்வாடைக்குப் போய்க் குடல் வாங்கினார்கள்.