ஓடறதா, உதைக்கிறதா?

“ஓடறதா, உதைக்கிறதா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க சார்.”

கோயம்புத்தூரில் ஒரு பெரிய கல்லூரி. மே மாத வெயில். மேஜைக்கு அந்தப் பக்கம் இப்படிக் கேட்ட ஃபுட்பால் கோச், இந்தப் பக்கம் நானும் என் மகள் நிவேதாவும். மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் கட்டபெட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கியிருந்தோம். ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. உள்ளே ஆவியில் வெந்துகொண்டிருந்தேன்.

நிவேதா ப்ளஸ் டூ முடித்தவள். ஸ்கூல் ஃபுட்பால் டீமில் விங்கர். அதே ஸ்கூலுக்காக எண்ணூறு மீட்டரும் ஓடுவாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கேட்டுத்தான் போயிருந்தோம்.

“ரெண்டும்தாங்க சார்” என்றாள்.

கோச் சிரித்தார். “காலண்டர்ல ஒரு தேதிக்கு ஒரு கட்டம்தான் இருக்குது பாப்பா. ஓடியே ஆகணும்னா பந்து பின்னாடி ஓடு. நான் வேண்டாங்கல.”

எழுந்து பக்கத்து அறைக்குப் போனோம். அங்கே அத்லெடிக்ஸ் கோச். இரண்டு அறைக்கும் நடுவில் சுவர் கிடையாது. வரிசையாக மூன்று இரும்பு பீரோக்கள்தான். ஆகவே நாங்கள் பேசியது முழுவதும் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

“ஃபுட்பாலா? கணுக்கால் போயிரும்மா!” என்றார், பீரோவுக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி. “எங்கிட்ட வந்தீன்னா பந்தைக் கண்ணால பாக்கக் கூடாது.”

பீரோவுக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்டது. இருவரும் பேசிக்கொள்வதே இல்லையாம்... வாசலில் வாட்ச்மேன் சொன்னார்.

ஆனால் ஒன்று — இரண்டு பேருமே சீட் தரத் தயார். பேர் பெற்ற கல்லூரி, நல்ல ஹாஸ்டல். நிவேதா ஒன்றை விட வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் அப்பா வேலையை ஆரம்பித்தேன். “ஒண்ணை விட்டுடு கண்ணு. இந்த மாதிரி காலேஜ் மறுபடி கிடைக்குமா?”

“நீங்க ஃபேக்டரி ஆபீஸ்லயும் இருக்கறீங்க, பத்திரிகைலயும் எழுதறீங்க. ஒண்ணை விடுங்கன்னா எதை விடுவீங்கப்பா?”

தேயிலை ஃபேக்டரியின் லெட்ஜரையும் இந்தப் பத்தியையும் மனத்தராசில் வைத்து நான் நிறுத்துக்கொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து என் மனைவி மாலதியின் குரல் வந்தது.

“எழுதறதைத்தான் விடணும். இதுக்குப் போய் யோசிக்கறீங்க?”

கவனித்தீர்களா? அடுத்தவர் எதை விட வேண்டும் என்பது மட்டும் நமக்கு எவ்வளவு சட்டென்று தெரிந்துவிடுகிறது!

நிவேதா விடமாட்டாள் என்பது எனக்கும் தெரியும். காரணம் எங்கள் ஊர் கிரவுண்டு. அது சரிவில் இருக்கிறது. பந்து கோட்டைத் தாண்டினால் த்ரோ-இன் எல்லாம் அப்புறம். முதலில் அது உருண்டு கீழே தேயிலைக்குள் போய்விடும். உதைத்தவர்தான் ஓடிப்போய் எடுத்துவர வேண்டும். பத்து வயதிலிருந்து இதைச் செய்கிற பெண்ணிடம் போய், “ஃபுட்பால் வேறு, ஓட்டம் வேறு” என்றால் அவளுக்கு எப்படிப் புரியும்?

வியாழக்கிழமை அவளே விசாரித்துக் கண்டுபிடித்த இன்னொரு கல்லூரிக்குப் போனோம். ஊருக்கு வெளியே, தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு சின்னக் கல்லூரி. விளையாட்டுத் துறை என்றால் மொத்தமே ஓர் ஆள் — செல்வி மேடம். ஃபுட்பாலுக்கும் அவர்தான், ஓட்டத்துக்கும் அவர்தான். சண்டை வர வழியே இல்லை!

இரண்டு செலக்‌ஷனும் ஒரே காலையில், ஒரே கிரவுண்டில். ஃபுட்பாலில் முதல் பாதி முடிந்து விசில் ஊதினார்கள். உடனே மைக்கில், “எண்ணூறு மீட்டர் பெண்கள், வரிசைக்கு வரவும்!”

நிவேதா தண்ணீர்கூடக் குடிக்காமல் எதிர்மூலைக்கு ஓடினாள். காலில் ஃபுட்பால் பூட்ஸ். ஓடுவதற்கான ஸ்பைக்ஸ் ஷூவோ என் பையில். “கண்ணு, ஷூ! ஷூ!” என்று கத்தியபடி குறுக்கே ஓடினேன். குறுக்கே இருந்தது நீளம் தாண்டும் மணல்குழி. முழங்கால் வரை இறங்கிக் குப்புற விழுந்தேன். “சார், செலக்‌ஷன் லேடீஸுக்கு மட்டும்தானுங்க” என்று சொல்லிக் கைகொடுத்துத் தூக்கினாள் ஒரு மாணவி.

பூட்ஸோடே ஓடிய நிவேதா இரண்டாவதாக வந்தாள். அப்படியே திரும்பி ஃபுட்பாலுக்கு ஓடினாள். முகம் தக்காளிச் சிவப்பு. எங்கள் குளிரில் வளர்ந்த உடம்பு இந்த வெயிலைத் தாங்குமா?  கோல்கீப்பர் தடுக்கி விழுந்துவிட, வெறும் கோல் போஸ்ட் முன்னால் பந்து அவள் காலுக்கு வந்தது. உதைத்தாள். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, காம்பவுண்டு சுவரையும் தாண்டித் தென்னந்தோப்பில் விழுந்தது.

போச்சு, கதை முடிந்தது என்று நினைத்தேன். அதற்குள் அவள் சுவர் ஏறிக் குதித்திருந்தாள். இரண்டு நிமிடத்தில், தலையெல்லாம் தூசியோடு பந்தும் அவளுமாகத் திரும்பி வந்தாள்.

“ஏம்மா, பந்து எடுக்கறதுக்கு ஆள் நிக்குதே!” என்றார் செல்வி மேடம்.

“எங்கூர்ல உதைச்சவங்கதானுங்க மேடம் எடுக்கணும்.”

மேடம் பந்தை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு உடம்பெல்லாம் மணலோடு நின்ற என்னைக் கூப்பிட்டார்.

“சார், ஒளிக்காம சொல்றேனுங்க. இவ ரெண்டுலயும் இன்னும் ரொம்ப வேலை பாக்கணும். ஆனா ரெண்டையும் விடமாட்டா போலிருக்குது. எடுத்துக்கறேன். ஒரே ஒரு கண்டிஷன். ரெண்டும் ஒரே நாள்ல வந்தா எதுக்குப் போறதுன்னு நானும் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது. அவளே முடிவு பண்ணணும். எந்த டீமை விடறாளோ அவங்க முகத்தைப் பார்த்து அவளே சொல்லணும்.”

நான் தயங்கினேன். பெரிய கல்லூரியின் பெயரை ஃபேக்டரி முழுக்க ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேனே! நிவேதா என்னைப் பார்க்கவே இல்லை. “சரிங்க மேடம்” என்று சொல்லி முடித்துவிட்டாள்.

போன வாரம் அந்த நாள் வந்தது. காலேஜுக்காக ஃபுட்பால் மேட்ச் ஓர் ஊரில், ரிலே ஓட்டம் வேறோர் ஊரில். ஃபுட்பாலுக்குச் சரியாகப் பதினோரு பேர்தான் இருந்தார்களாம். இவள் போகாவிட்டால் பத்து. ஹாஸ்டலில் ரிலே பெண்களின் அறைக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஒருத்தி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் இடத்தில் ஓட, மாடி அறையில் இருந்த இன்னொரு பெண்ணை இவளே கெஞ்சிப் பிடித்துத் தந்திருக்கிறாள்.

மேட்ச் முடிந்ததும் எனக்கு ஃபோன் செய்தாள்.

“நாலு-பூஜ்யம்ப்பா.”

“அட! நாலு கோல் போட்டீங்களா?”

“பூஜ்யம்தானுங்க நாங்க.”

“ரிலே?”

“வெங்கல மெடல். அந்தப் பொண்ணு பிரமாதமா ஓடிருக்குதுங்கப்பா!” குரலில் அப்படி ஒரு குதூகலம்.

 இவள் கழுத்தில் விழுந்திருக்க வேண்டிய மெடல் அல்லவா? “வருத்தமா இருக்குதா கண்ணு?” என்றேன்.

“நாலு கோல் வாங்கினதுக்கு வருத்தந்தான். மேட்சுக்குப் போனதுக்கு இல்லைங்கப்பா. நாந்தானே போனேன்... சரி வெச்சிடறேன், மெஸ்ல இன்னிக்கு சிக்கன்!”

தானே எடுத்த முடிவு என்றால் தோல்விகூட ஜீரணமாகிவிடும் போலிருக்கிறது. அவள் சாப்பிடப் போய்விட்டாள்.

எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.