கல்லுப்பு விழுந்த குரல்

“சளியெல்லாம் புடிக்கலீங்க, கல்லுப்பு உழுந்துருக்குது.”

யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். உப்புக்கார இன்னாசி தானாகவே அப்படிச் சொல்லிக்கொண்டு மொபெட்டை எங்கள் வீட்டு முன்னால் நிறுத்துவார். பின்னால் மூட்டை, கைப்பிடியில் கட்டிய ஸ்பீக்கர் பெட்டி. “உப்பே… கல்லுப்பே…” என்று அவர் பதிந்து வைத்த குரல், தகரத்தில் கல்லை உரசினாற்போல வரும்.

இண்டூர்ப் பக்கம் எங்கள் தெருவில் செல்போன் கரகரத்தாலும் தொண்டை கட்டினாலும் ‘கல்லுப்பு உழுந்துருச்சு’ என்றுதான் சொல்கிறோம். சும்மா பேச்சுக்குச் சொல்வதாக வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இல்லை, உண்மையிலேயே விழுந்தது. ஒரு மழையில் பெட்டி நனையாமலிருக்க மூட்டைக்கடியில் செருகினார்; மூட்டை கிழிந்து பெட்டிக்குள் உப்பு இறங்கிவிட்டது. மைக்செட் கடை அருள்குமார் திறந்து கவிழ்த்தானாம். ஒரு பிடி உப்பு கொட்டியதாம். “ண்ணா, இத வெச்சு ஊருக்கே கொழம்பு காய்ச்சலாம்” என்றானாம். உப்பு போயிற்று, கரகரப்பு போகவில்லை.

உப்பு தீர்ந்தது என்று இன்னாசி சொல்லமாட்டார். “நெறஞ்சுடுச்சு” என்பார். வெயில் ஏறினால் துண்டைத் தன் தலையில் போடாமல் பெட்டிமேல் போடுவார்.

என் மகள் பிரியதர்ஷினி பிள்ளை பெற்று வந்திருக்கிறாள். பேரன்! என் முழங்கை நீளம்தான் இருக்கிறான். ஆனால் வந்ததிலிருந்து ஒரே அழுகை. பாட்டு, தூளி, எதற்கும் மசியவில்லை. தூக்கமில்லாமல் மகளும் சேர்ந்து அழுதாள். அப்போதுதான் ஒருநாள் இன்னாசியின் பெட்டி தெருவில் கரகரத்தது. பேரன் வாயை மூடினான். அடுத்த ‘கல்லுப்பே’ வருவதற்குள் தூங்கிவிட்டான். மகளும் சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, பெட்டியைக் கத்த விடுகிறார். யாவாரம் கெடுமே என்றேன். “எம் பொண்டாட்டி என் கொரலக் கேட்டா எந்திரிச்சு ஓடுவா. இவன் ஒருத்தனாச்சும் தூங்குறானே, உடுங்க மாமா” என்றார். அவருக்கு நான் என்ன செய்துவிட முடியும்? ஒரு சொம்பு மோர்தான்.

ஆனால் மற்ற ஊர்களில் அந்தப் பெட்டி கூவுவது உப்பா அப்பளமா என்று தெரியாமல் ஆட்கள் வெளியே வருவதில்லை. புதுப் பெட்டி வாங்கப்போவதாக நேற்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் பிழைப்பு அது. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

இன்று காலை புதுப் பெட்டி தெருமுனையிலேயே பளிச்சென்று கூவியது. தூளிக்குள் பேரன் வீறிட்டான். மகள் என்னைப் பார்த்தாள்.

இன்னாசி வேப்பமரத்தடிக்கு வந்து புதுப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். மூட்டைக்குப் பின்னாலிருந்து, துண்டில் சுற்றிய பழைய பெட்டியை எடுத்து மாட்டிக்கொண்டே எங்கள் வாசலைப் பார்த்துச் சொன்னார்:

“அழுவாத சாமி, உன்னுத எடுத்துக்கிட்டுத்தான் வந்துருக்கறேன்.”