பரிசு வாங்கிய விடுதியின் காப்பாளர்

எங்கள் விடுதிக் காப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் பளபளா. முகத்துக்கு நேரே அக்கா என்போம். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, தோளில் எப்போதும் ஒரு துடைக்கும் துணி. எந்த மாடியில் யார் கண்ணாடியில் கை வைத்தாலும் மூக்கில் வேர்த்தது போல வந்து நிற்பார்.

விடுதி புத்தம் புதிது. இந்த நகரத்தில் மாணவிகளுக்கென்று கட்டியதிலேயே அழகானது என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. எழுதியவர்கள் யாரும் அதில் ஒரு நாள்கூடப் படுத்துப் பார்த்ததில்லை. ஐந்து மாடி. மேற்குப் பக்கம் முழுக்கக் கூரை முதல் தரை வரை கண்ணாடி. மற்றதெல்லாம் பூசாத சிமென்ட் சுவர். சாய்ந்தால் முதுகெல்லாம் சாம்பல் தூள். குளியலறைக் கதவு வாஷ்பேசினில் இடிக்கும், அதனால் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். பிளக் பாயின்ட் அலமாரிக்குப் பின்னால். மதியம் மூன்று மணிக்கு மேல் அறையில் இருந்தால் வெந்துவிடுவோம். திரைச்சீலை போட்டால் முகப்பு கெட்டுவிடும் என்று கட்டடக் கலைஞர் ஒப்பந்தத்திலேயே தடுத்துவிட்டாராம். கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டினோம். பளபளா வெந்நீரும் பிளேடுமாக வந்து சுரண்டினார். மறுபடி ஒட்டினோம். மறுபடி சுரண்டினார்.

பக்கவாதம் வந்த கணவரோடு தரைத்தளத்தில் ஒரே அறையில் குடியிருந்தார் அவர். தற்காலிக வேலை, வேலை போனால் அறையும் போகும். கட்டடத்துக்கு விருது கிடைத்தால் வேலையை நிரந்தரமாக்குவதாக மேலாளர் சொல்லியிருந்தார். வெறும் வாய்ச்சொல். அதைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் உயிரை எடுத்தார்.

விருதுக்கான நடுவர்கள் வந்த அன்று என் அறைத்தோழிக்கு ஒற்றைத் தலைவலி. தலையணையை முகத்தில் போட்டுக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். பளபளா பிளேடோடு உள்ளே வந்தார்.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் விடுங்கக்கா. வெளிச்சம் பட்டாலே மண்டை பொளக்குது."

"மூணு மணிக்கு வந்துருவாங்க. கட்டில்ல ஆள் கிடந்தா எப்படி? எந்திரி."

"நடக்கவே முடியல. எங்க போறது?"

"இருட்டுதானே வேணும்? வா, காட்டுறேன்."

கைத்தாங்கலாகத்தான் கூட்டிப்போனார், அதையும் சொல்லிவிட வேண்டும். வாளியும் மாப்பும் வைக்கிற அறை; அந்தக் கட்டடத்தில் ஜன்னலே இல்லாத ஒரே அறை அதுதான். அவளை உள்ளே விட்டு, இடையில் வெளியே வந்துவிடக் கூடாதென்று பூட்டிவிட்டார்; இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னைக் கையில் புத்தகத்தோடு மாடிப்படியில் உட்கார வைத்தார், காட்சிக்கு. அவளை எங்கே விட்டீர்கள் என்று நான் கேட்டதற்கு, "தூங்குறா, தொந்தரவு பண்ணாத" என்றார்.

நடுவர்கள் படியைத் தடவினார்கள், சுவரைத் தடவினார்கள், எங்களை ஒன்றும் கேட்கவில்லை. அவர்களை வழியனுப்பிய சந்தோஷத்தில் பளபளாவுக்குப் பூட்டு மறந்துபோயிற்று. ஏழு மணிக்குத்தான் திறந்தார். அவள் வாளிக்குள் வாந்தி எடுத்துவிட்டு, ஈரத் தரையில் சுருண்டு கிடந்தாள்.

"சத்தம் போடாம இருந்தியே, தங்கம்" என்றார் பளபளா. அந்த நிமிடம் அவரை அறைந்திருக்க வேண்டும். நான் வாளியைக் கழுவப் போனேன்.

விருது கிடைத்தது. நடுவர்களின் குறிப்பை மேலாளர் கூடத்தில் எங்களை நிற்க வைத்து வாசித்தார்: "இங்கே ஒழுங்கை யாரும் திணிக்கவில்லை. திறந்த அமைப்பும் வெளிச்சமும் தாமாகவே அதைப் பார்த்துக்கொள்கின்றன. காப்பாளரே தேவைப்படாத விடுதி இது." முதலில் கைதட்டியது பளபளாதான். பாதியிலேயே தட்ட ஆரம்பித்துவிட்டார், கடைசி வரி காதில் விழுந்திருக்காது.

பத்து நாளில் கடிதம் வந்தது. காப்பாளர் பணியிடம் நீக்கப்பட்டது. அறை சைக்கிள் நிறுத்தத் தேவைப்படுகிறது. பளபளா மேலாளரிடம் போய் நின்றார். அந்த அறைக் கதவும் கண்ணாடிதான் என்பதால் எல்லாவற்றையும் பார்த்தோம், கேட்டோம்.

"அந்தப் பேப்பரெல்லாம் நான்தானேங்க கிழிச்சேன்? என் விரலைப் பாருங்க, எத்தன வெட்டு!"

"எந்தப் பேப்பர்? அப்படி ஒண்ணு ஒட்டியிருந்ததா யாராவது எழுதிக் குடுத்தாங்களா?"

மறுநாள் காலை எங்கள் அறைக்கு வந்தார். தோளில் துணி இல்லை. என் அறைத்தோழியின் கட்டில் ஓரத்தில், முதல் முறையாக, உட்கார்ந்தார்.

"கண்ணு, ஒரு லெட்டர் எழுதிக் குடுடா. அன்னைக்கு உன்னை நான் பூட்டி வச்சேன்னு எழுது. நாலு மணி நேரம்னு எழுது. என் மேல புகாராவே இருக்கட்டும். நான் இல்லாம அந்த அழகு வரலைன்னு அவங்களுக்குத் தெரியணும். கை கால் வராத மனுஷனைத் தூக்கிக்கிட்டு நான் எங்கடா போவேன்?"

அவள் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது.

"அப்படி ஒண்ணும் நடக்கலையேக்கா."

பளபளா என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்று தலையாட்டினேன்.